ஆன்டிவைரஸையே ஏணியாக்கினால்: டிஃபெண்டரா, காசு கொடுத்து வாங்குவதா, ஒன்றுமே வேண்டாமா?

மார்ச் பிறந்தால் ஆடிட்டர் சாரிடமிருந்து எனக்கு ஒரு போன் வரும். அவர் அலுவலகத்தின் 14 கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், ஆன்டிவைரஸ் லைசென்ஸ் முடிவது அந்த மாதத்தில். "அதையே ரினியூ பண்ணிடலாமா, இல்ல வேற நல்லதா ஏதாவது இருக்கா தம்பி?" என்பார். "அதையே போட்டுடலாம் சார்" என்பேன். மூன்று வருடம் இப்படியே ஓடியது. இந்த முறை அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. காரணம், பிப்ரவரியில் நான் பார்த்த ஒரு திரை.

ஜிஎஸ்டி வேலை பார்க்கும் பெண்ணின் கணினி ரொம்ப இழுக்கிறது என்று கூப்பிட்டார்கள். ஆன்டிவைரஸைத் திறந்தேன். பச்சை டிக், பாதுகாப்பாக இருக்கிறீர்கள் என்ற வாசகம், எல்லாம் ஜோராக இருந்தது. சும்மா இன்னும் உள்ளே போய், எதையெல்லாம் சோதிக்க வேண்டாம் என்று சொல்லிவைக்கும் விலக்குப் பட்டியலைத் திறந்தால் அங்கே ஒரே ஒரு வரி. சி டிரைவ். முழுவதும். விசாரித்ததில், எட்டு மாதம் முன்பு ஏதோ ஒரு பில்லிங் மென்பொருள் போட வந்தவர், ஆன்டிவைரஸ் அதைத் தடுக்கிறது என்று இந்தக் காரியத்தைச் செய்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார். ஆக, எட்டு மாதமாக நாங்கள் சந்தா கட்டியது அந்தப் பச்சை டிக்குக்குத்தான்.

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் வைரஸ் எழுதுகிறவர்கள் உள்ளே வந்ததும் முதலில் செய்வதும் அச்சு அசலாக இதேதான்: ஆன்டிவைரஸை நிறுத்துவது, முடியாவிட்டால் அதன் கண்ணைக் கட்டுவது, அதுவும் முடியாவிட்டால் அதன் ஓட்டை வழியாகவே உள்ளே போவது. எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்று ஒப்பிடும்போது நாம் எல்லோரும் பார்ப்பது எத்தனை வைரஸைப் பிடிக்கிறது என்ற சதவீதத்தை. அந்த ஆய்வக மதிப்பெண்களில் பெரிய கம்பெனிகள் எல்லாம் முன்னே பின்னே ஒரே உயரத்தில்தான் நிற்கின்றன. அந்த மென்பொருளையே அடித்தால் என்ன ஆகும் என்பது பற்றி விலைப்பட்டியலில் ஒரு வரி இருக்காது. இந்த முறை நான் அதை மட்டும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதலில் ஆன்டிவைரஸ் செய்யும் வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கணினிக்குள் வரும் ஒவ்வொரு கோப்பையும், நீங்கள் தொடாததைக்கூட, அது திறந்து பார்க்கிறது. ஜிப் கோப்பா, பிரிக்கிறது. ரார் கோப்பா, அதையும் பிரிக்கிறது. உள்ளே ஜாவாஸ்கிரிப்ட் இருந்தால் ஓட்டிப் பார்க்கிறது. வாசலில் நிற்கும் காவலாளி பார்சலைப் பிரித்துப் பார்ப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இவர் வாசலில் வைத்துப் பிரிப்பதில்லை. பீரோ இருக்கும் அறைக்குள் கொண்டுபோய், இடுப்பில் சாவிக்கொத்தோடு பிரிக்கிறார். பார்சலில் இருப்பது அவரையே அடித்து வீழ்த்தும் சமாச்சாரமாக இருந்தால், சாவியும் போச்சு, பீரோவும் போச்சு.

கற்பனையாகச் சொல்லவில்லை. 2016-ல், மென்பொருள் ஓட்டைகளைத் தேடுவதற்கென்றே கூகுள் வைத்திருக்கும் ப்ராஜெக்ட் ஸீரோ குழுவில் இருந்த டாவிஸ் ஓர்மண்டி, சைமன்டெக், நார்ட்டன் இரண்டிலும் ஓடிய எஞ்சினில் வரிசையாக ஓட்டைகளைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அதில் ஒன்று, ஏஎஸ்பேக் என்ற பழைய கருவியால் சுருக்கப்பட்ட நிரல்களைப் பிரிக்கும் இடத்தில் இருந்தது. கோப்பின் தலைப்பில் "எனக்கு இவ்வளவு இடம் போதும்" என்று ஒரு சின்ன அளவை எழுதிவிட்டு, உள்ளே அதைவிடப் பெரிய சரக்கை வைத்தால், எஞ்சின் தலைப்பை நம்பி சின்ன இடத்தை ஒதுக்கி அதில் பெரிய சரக்கைக் கொட்டும். வழிந்தது பக்கத்து நினைவகத்தில் போய் விழும். சாதாரண மென்பொருளில் இது நடந்தால் அந்த மென்பொருள் மட்டும் சாகும். இங்கே விண்டோஸின் கெர்னலுக்குள்ளேயே, அதாவது இயங்குதளத்தின் அடிமடியிலேயே, இந்தப் பிரிக்கும் வேலையை வைத்திருந்தார்கள். மெயில் வந்து சேர்ந்தால் போதும். நீங்கள் திறக்கவே வேண்டாம், அதுதான் திறந்துவிடுமே.

அதோடு, ரார் கோப்புகளைப் பிரிக்க அவர்கள் எடுத்துப் போட்டிருந்த பொதுவெளி நிரல்களை ஏழு வருடமாவது புதுப்பிக்கவே இல்லை என்பதும் அப்போது வெளியே வந்தது. ஊருக்கெல்லாம் "அப்டேட் பண்ணுங்க" என்று பாடம் எடுக்கும் தொழில் இது. இன்னொரு வேடிக்கை: ஓர்மண்டி அந்தச் சோதனைக் கோப்பைக் கடவுச்சொல் போட்ட ஜிப்பாக சைமன்டெக்குக்கே அனுப்பினார். பதிலைக் காணோம். வைரஸ் மாதிரிகளைப் பரிமாறிக்கொள்பவர்கள் எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைத்தான் வழக்கமாகப் போடுவார்கள், அதை அவர்களுடைய மெயில் சர்வர் தானே ஊகித்துத் திறந்து பார்த்துப் படுத்துவிட்டது போலிருக்கிறது என்று அவர் எழுதினார்.

இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. 2004 மார்ச்சில் விட்டி என்ற வார்ம், அதாவது கணினிக்குக் கணினி தானாகவே தாவும் வைரஸ், பரவியது. அது தாக்கியது ஐஎஸ்எஸ் என்ற நிறுவனத்தின் ஃபயர்வால் வகைப் பாதுகாப்பு மென்பொருள்களை மட்டும். ஓட்டை பற்றிய அறிவிப்பு வந்து இரண்டு நாளுக்குள் சுமார் 12,000 கணினிகளைப் பிடித்தது, பிடித்த கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் கண்டதையும் எழுதி நாசம் செய்தது. பாதுகாப்பு மென்பொருள் போடாதவர்கள் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்கள். வேலியே பயிரை மேய்ந்தது என்று இதைச் சொல்வார்கள், எனக்கென்னவோ வேலிக் கம்பை ஏணியாக வைத்து ஏறிவிட்டார்கள் என்பதுதான் சரியாகப் படுகிறது.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். என் முன்னால் இருந்த வழிகள்: சந்தா கட்டும் ஆன்டிவைரஸைத் தொடர்வது, விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்கு மாறுவது, பெரிய கம்பெனிகள் போடும் ஈடிஆர் போடுவது, எதுவுமே இல்லாமல் வேறு வகையில் பூட்டுவது.

ஈடிஆரை முதலிலேயே கழித்துவிடுகிறேன். அது ஒவ்வொரு கணினியிலும் நடப்பதை நுணுக்கமாகக் கவனித்து ஓரிடத்தில் எச்சரிக்கை காட்டும் ரகம். அதை உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும், ஆடிட்டர் சார் அலுவலகத்தில் எச்சரிக்கை வந்தால் பார்க்கப்போவது நான், அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். தாக்குபவர்கள் இப்போது இவற்றை நிறுத்துவதற்கென்றே தனிக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். 2024-ல், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்ஹப் கும்பல் பயன்படுத்திய ஈடிஆர்கில்ஷிஃப்டர் அப்படி ஒன்று. போதாததற்கு 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதல்லவா? ஈடிஆர் விற்கும் க்ரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன, விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது வைரஸ் வேலை இல்லை, வெறும் பிழைதான். ஆனாலும் கெர்னலுக்குள் உட்காரும் ஒன்று சறுக்கினால் எவ்வளவு தூரம் விழும் என்பதற்கு அது போதும். ஆள் பலம் உள்ள இடத்துக்கு ஈடிஆர் நல்லது. எங்களுக்கு இல்லை.

இனி சந்தா ஆன்டிவைரஸ். இதற்குச் சாதகமாகச் சொல்ல நிறைய இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நல்ல நிறுவனங்கள் தங்கள் சர்வீஸை விண்டோஸின் பாதுகாக்கப்பட்ட செயல்முறையாக ஓட்டுகின்றன. விண்டோஸ் 8.1-ல் வந்த வசதி இது. அட்மின் உரிமையோடு டாஸ்க் மேனேஜரில் போய் நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. செட்டிங்ஸுக்குக் கடவுச்சொல் போடலாம், போட்டிருந்தால் அந்த பில்லிங் ஆசாமி சி டிரைவை விலக்கியிருக்க முடியாது (போடாதது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்). பிரச்சினை என்றால் போன் அடித்து ஆளோடு பேசலாம். சென்னையின் கே7 மாதிரி நம்மூர் கம்பெனியே இருக்கிறது. சின்ன அலுவலகத்துக்கு இது லேசான விஷயம் இல்லை.

எனக்கு இடிப்பது வேறு இடம். இவர்கள் விற்பது ஆன்டிவைரஸ் மட்டுமில்லை. பிரவுசர் எக்ஸ்டென்ஷன், பாஸ்வேர்ட் மேனேஜர், விபிஎன், கணினியை வேகமாக்கும் ட்யூன்அப், வங்கிக்குத் தனி பிரவுசர் என்று ஒரு மளிகைக் கடையே கூட வருகிறது, ஒவ்வொன்றும் ஒரு புதுக் கதவு. 2015 டிசம்பரில் ஏவிஜியின் வெப் ட்யூன்அப் எக்ஸ்டென்ஷனில், சுமார் 90 லட்சம் பேர் குரோமில் வைத்திருந்தது, அதில் எந்த இணையதளமும் உங்கள் உலாவல் வரலாற்றை உருவிக்கொள்ளலாம் என்று தெரியவந்தது. அடுத்த மாதமே ட்ரெண்ட் மைக்ரோவின் பாஸ்வேர்ட் மேனேஜர். அது கணினிக்குள் ஒரு குட்டி சர்வரை ஓட்டிக்கொண்டிருந்தது, நீங்கள் பார்க்கும் எந்த வலைப்பக்கமும் அதனிடம் பேசி உங்கள் கணினியில் கட்டளை ஓட்டலாம் என்ற நிலை. இரண்டையும் கண்டுபிடித்ததும் அதே ஓர்மண்டிதான். இரண்டும் பிறகு சரிசெய்யப்பட்டன, அதுவும் உண்மை. ஆனால் வைரஸ் பிடிக்க இவற்றில் எதுவும் தேவையே இல்லை.

அப்புறம் அப்டேட் வரும் வழி. எனக்கு மிகவும் உறைத்தது இதுதான், அதுவும் இந்தியக் கதை என்பதால். மும்பையின் இஸ்கேன் ஆன்டிவைரஸ் தன் அப்டேட்டுகளைப் பூட்டில்லாத சாதா ஹெச்டிடிபி வழியாக இறக்கிக்கொண்டிருந்தது. நடுவில் உட்கார்ந்த ஒரு கும்பல், போகிற அப்டேட் பொட்டலத்தை மாற்றி வைத்தது. பொட்டலத்தில் அசல் கோப்புகளோடு ஒரு போலி டிஎல்எல்லும் (மென்பொருள் தனக்குள் ஏற்றிக்கொண்டு ஓட்டும் துணைக் கோப்பு) இருக்கும். இஸ்கேனின் சொந்த நிரலே அதைத் தன் பிள்ளை என்று நினைத்து எடுத்து ஓட்டும், தன் முழு அதிகாரத்தோடு. இப்படிப் பரவிய குப்டிமைனர் என்ற அந்த வைரஸ் பெரிய நிறுவனங்களின் நெட்வொர்க்குகளில் பின்கதவு வைத்தது. கூடவே கிரிப்டோ தோண்டும் எக்ஸ்எம்ரிக்கையும் இறக்கியது என்பது இன்னும் விசித்திரம், இவ்வளவு நுட்பமாக வந்துவிட்டுச் சில்லறை பொறுக்குவது மாதிரி. இதன் தடயங்கள் 2018 வரை பின்னே போகின்றன. அவாஸ்ட் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு 2023 ஜூலை கடைசியில் இஸ்கேன் சரிசெய்தது, விவரம் வெளியே வந்தது 2024 ஏப்ரலில். ஒழுங்காக லைசென்ஸ் கட்டி, ஒழுங்காக அப்டேட் செய்தவர்கள்தான் இதில் மாட்டியவர்கள்.

சொல்லிக் கொடுத்த அவாஸ்ட்டுக்கும் ஒரு கதை உண்டு. ஆழமாக ஒளிந்திருக்கும் வைரஸ்களைப் பிடிக்க அவர்கள் வைத்திருந்த பழைய ஆன்டி ரூட்கிட் டிரைவர் ஒன்றுக்கு, கெர்னலில் இருந்துகொண்டு எந்தச் செயல்முறையையும் கொல்லும் சக்தி இருந்தது. அதன் வேலையே அதுதானே. 2022-ல் அவோஸ்லாக்கர் ரான்சம்வேர் கும்பல் அந்தப் பழைய டிரைவரைத் தன்னோடு தூக்கிக்கொண்டு வந்து, போகிற கணினியில் தானே நிறுவி, அதைக் கொண்டே அங்கிருந்த பாதுகாப்பு மென்பொருள்களை எல்லாம் சாகடித்தது. கவனியுங்கள், உங்களிடம் அவாஸ்ட் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. டிரைவரில் முறையான கையெழுத்து இருக்கிறது, விண்டோஸ் கதவைத் திறந்துவிடுகிறது. 2024 நவம்பரிலும் இதே டிரைவரோடு இன்னொரு வைரஸ் வந்தது, நூற்றுக்கும் மேற்பட்ட பாதுகாப்பு மென்பொருள் செயல்முறைகளின் பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு. நீங்கள் எந்த ஆன்டிவைரஸ் வாங்கினாலும் இந்த அடி பொது. அதனால் இதை பிராண்டு தேர்வால் தடுக்க முடியாது, விண்டோஸ் பக்கம்தான் தடுக்க வேண்டும். அதற்குக் கீழே வருகிறேன்.

டிஃபெண்டர் மட்டும் யோக்கியமா? இல்லை. 2017 மே மாதம் ஓர்மண்டியும் நடாலி சில்வனோவிச்சும் கண்டுபிடித்தது சமீப காலத்தில் தாங்கள் பார்த்த விண்டோஸ் ஓட்டைகளிலேயே மோசமானது என்று ஓர்மண்டி சொன்ன ஒன்று. டிஃபெண்டருக்குள் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் இருக்கிறது, சந்தேகமான நிரலை ஓட்டிப் பார்க்க. எழுத்து வரவேண்டிய இடத்தில் ஒரு எண்ணைக் கொடுத்தால் அது என்ன வகை என்று பார்க்காமலேயே எடுத்துக்கொண்டு குழம்பும். ஓடுவது விண்டோஸின் மிக உயர்ந்த சிஸ்டம் அதிகாரத்தில், எந்தக் கூண்டும் இல்லாமல். வட்டில் எழுதப்படும் எதையும் அது பார்ப்பதால், ஒரு வலைப்பக்கத்தைப் பார்த்தாலே அதன் தற்காலிகக் கோப்பு வழியாகக் காரியம் முடியும். சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் திருத்தம் அனுப்பியது, எஞ்சின் தானாகவே அப்டேட் ஆகும் என்பதால் யாரும் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. 2021 ஜனவரியில் இன்னொரு எஞ்சின் ஓட்டை, திருத்தம் வரும் முன்பே யாரோ பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதற்கு அடுத்த மாதம், டிஃபெண்டரின் ஒரு டிரைவரில் 12 வருடமாக யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஓட்டையை சென்டினல்ஒன் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது.

2022 டிசம்பரில் சேஃப்பிரீச் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஓர் யாயிர் காட்டியது எனக்குப் பிடித்த வித்தை, பிடித்த என்று சொல்லக் கூடாதோ என்னவோ. சாதாரணப் பயனர் ஒருவர் ஒரு வைரஸ் கோப்பை ஓரிடத்தில் வைத்து, அதைக் கையை விடாமல் பிடித்துக்கொள்கிறார். ஆன்டிவைரஸால் உடனே அழிக்க முடியவில்லை, "ரீஸ்டார்ட் ஆனதும் அழிக்கிறேன்" என்று பாதையைக் குறித்து வைத்துக்கொள்கிறது. இதற்குள் அவர் அந்த ஃபோல்டரை எடுத்துவிட்டு, அதே பெயரில் விண்டோஸின் முக்கியமான இடத்துக்குப் போகும் ஒரு திசைகாட்டியை வைத்துவிடுகிறார். ரீஸ்டார்ட் ஆனதும் குறித்துவைத்த பாதையில் போய் ஆன்டிவைரஸ் அழிப்பது விண்டோஸின் சொந்தக் கோப்பை. அவருக்கு இல்லாத அதிகாரத்தை ஆன்டிவைரஸ் கடன் கொடுத்துவிட்டது. டிஃபெண்டர், அவாஸ்ட், ஏவிஜி, ட்ரெண்ட் மைக்ரோ, சென்டினல்ஒன் என்று பலரும் இதில் மாட்டினார்கள். மைக்ரோசாஃப்ட், ட்ரெண்ட் மைக்ரோ, அவாஸ்ட், ஏவிஜி எல்லாம் திருத்தம் வெளியிட்டன.

ஆக ஓட்டை எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் டிஃபெண்டருக்குத் தங்கப் பதக்கம் கிடையாது. அதோடு ஒரு பெரிய பாதகமும் உண்டு: எல்லோரிடமும் இருப்பதால் வைரஸ் எழுதுகிற எவனும் முதலில் சோதித்துப் பார்ப்பது டிஃபெண்டரைத்தான். 2025 மேயில் வந்த டிஃபெண்ட்நாட் என்ற கருவி, "இங்கே வேறொரு ஆன்டிவைரஸ் இருக்கிறது" என்று விண்டோஸிடம் பொய்யாகப் பதிவு செய்கிறது, டிஃபெண்டர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறது. மருமகள் வந்துவிட்டாள் என்று சொன்னதும் மாமியார் சாவியைக் கொடுத்துவிட்ட மாதிரி, வந்தவள் யார் என்று பார்க்கவில்லை. ஆனால் இதைச் செய்ய அட்மின் உரிமை வேண்டும், இந்த வார்த்தையைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஏன் டிஃபெண்டர் பக்கம் சாய்ந்தேன் என்றால், பார்சலை எங்கே வைத்துப் பிரிக்கிறாய் என்ற கேள்விக்கு வெளிப்படையாகப் பதில் சொன்னது மைக்ரோசாஃப்ட்தான். 2018 அக்டோபரில் டிஃபெண்டரை இரண்டாகப் பிரித்தார்கள். அதிகாரம் உள்ள பாதி கோப்பை எடுத்துக் கொடுக்கும், திறந்து பார்க்கும் பாதி சாண்ட்பாக்ஸ் என்னும் கூண்டுக்குள் அதிகாரம் இல்லாமல் உட்காரும். பார்சல் வெடித்தால் கூண்டுக்குள்தான் வெடிக்கும், சாவிக்கொத்து வெளியே இருக்கிறது. முழு ஆன்டிவைரஸ் ஒன்று இப்படி ஓடுவது இதுவே முதல்முறை என்று அப்போது சொல்லிக்கொண்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க: 2020 மார்ச்சில் அவாஸ்ட்டின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் கூண்டில்லாமல் சிஸ்டம் அதிகாரத்தில் ஓடுவதை ஓர்மண்டி காட்டியபோது, அவாஸ்ட் அந்த எஞ்சினையே அணைத்துவிட்டது. அணைத்தும் பாதுகாப்பு குறையவில்லை என்றார்கள். அப்படியென்றால் அதுவரை எதற்கு வைத்திருந்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது.

ஒரு விஷயம், இந்தக் கூண்டு அறிவிக்கப்பட்டபோது நாமே ஒரு வரிக் கட்டளை கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால்தான் வேலை செய்யும் என்று வந்தது. உங்கள் கணினியில் இருக்கிறதா என்று பார்க்க டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பக்கத்தில் எம்எஸ்எம்பிஎன்ஜி (MsMpEng) என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். அதே பெயரோடு சிபி (CP) என்ற ஒட்டு சேர்ந்த இரண்டாவது வரியும் இருந்தால் கூண்டு ஓடுகிறது. ஒன்றுதான் இருக்கிறது என்றால் இல்லை.

ஆன்டிவைரஸே வேண்டாம் என்ற கட்சியும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் செய்யும் மொஸில்லாவில் இருந்து வெளியே வந்த ராபர்ட் ஓகல்லஹன் 2017 ஜனவரியில் பகிரங்கமாக எழுதினார், மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸைத் தவிர மற்றதை எல்லாம் எடுத்துவிடுங்கள் என்று. பிரவுசர் எழுதுபவர்களுக்கு இந்த எரிச்சல் ரொம்ப நாளாக இருந்தது: அவர்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய பாதுகாப்புச் சுவரில் ஆன்டிவைரஸ்கள் தங்கள் டிஎல்எல்லைச் செருகி ஓட்டை போடும். வாதம் சரி. ஆனால் அவரே டிஃபெண்டரை விட்டுவைத்தார் என்பதைக் கவனியுங்கள். வாடிக்கையாளர்கள் பென் டிரைவில் பேலன்ஸ் ஷீட் கொண்டுவந்து கொடுக்கும் அலுவலகத்தில் ஒன்றுமே இல்லாமல் விட எனக்குத் தைரியம் இல்லை.

லினக்ஸ்காரர்கள் சிரிப்பது கேட்கிறது. மெயில் சர்வரில் நீங்கள் போட்டிருக்கும் கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸும் இதே குடும்பம்தான். 2023 பிப்ரவரியில் அதில் சரிசெய்த ஓட்டை, ஆப்பிள் கணினிகளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டு வடிவத்தைப் பிரிக்கும் இடத்தில் இருந்தது. மேக் கணினியையே கண்ணால் பார்க்காத அலுவலகத்தின் சர்வரும் அந்த வடிவத்தைப் பிரித்துப் பார்க்கத் தயாராகக் காத்திருந்தது. அதை முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராக ஓட்டாமல், அதிகாரமில்லாத தனிப் பயனராக ஓட்டுங்கள், அவ்வளவுதான்.

நான் கடைசியில் செய்தது இது. பழைய ஆன்டிவைரஸை அந்த நிறுவனமே கொடுக்கும் நீக்கும் கருவியை வைத்துச் சுத்தமாக எடுத்தேன். சந்தா முடிந்த ஆன்டிவைரஸை அப்படியே விட்டுவைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான தேர்வு. திருத்தம் வராத பழைய எஞ்சின் முழு அதிகாரத்தோடு உட்கார்ந்து பார்சல் பிரித்துக்கொண்டே இருக்கும். பிறகு டிஃபெண்டரில் டேம்பர் புரொடெக்ஷன் ஓடுகிறதா என்று ஒவ்வொரு கணினியிலும் பார்த்தேன். 2019-ல் வந்த இந்த வசதி, டிஃபெண்டரை நிறுத்த முயலும் நிரல்களை மறுத்துவிடும். ஆனால் மேலாண்மைக் கன்சோல் இல்லாத நம்மைப் போன்றவர்களின் கணினியில் விலக்குப் பட்டியலை அது காக்காது, அதை மறந்துவிடாதீர்கள். அந்தப் பட்டியலை மாதம் ஒருமுறை நானே திறந்து பார்க்கிறேன். காலியாக இருக்க வேண்டும், இருந்தால் எதற்கென்று எனக்குத் தெரிந்த ஒரே ஒரு ஃபோல்டர்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டிக்குள் கோர் ஐசொலேஷன் என்ற பக்கம் இருக்கிறது. அங்கே, கெர்னலுக்குள் கண்ட நிரல் ஏறாமல் காக்கும் மெமரி இன்டெக்ரிட்டியையும், ஆபத்தான டிரைவர்களைத் தடுக்கும் பட்டியலையும் போட்டுவிட்டேன். அவாஸ்ட் டிரைவர் கதையில் வந்த மாதிரி, கையெழுத்து இருக்கிறது ஆனால் ஓட்டையும் இருக்கிறது என்ற ரகத்துக்கு இதுதான் மருந்து. விண்டோஸ் 11-ல் 2022 அப்டேட்டிலிருந்து இந்தப் பட்டியல் தானாகவே ஓடும். இரண்டு பழைய கணினிகளில் மெமரி இன்டெக்ரிட்டி ஏற மறுத்தது, ஒரு பழைய பிரின்டர் டிரைவர் குறுக்கே நின்றது. அந்த பிரின்டரை வேறு இடத்துக்கு மாற்றினோம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் காசே செலவில்லாதது. 14 பேரும் அட்மினாகவே உள்ளே வந்துகொண்டிருந்தார்கள், ஒருவரைத் தவிர (அந்தக் கதை கடைசியில்) அத்தனை பேரையும் சாதாரணப் பயனராக்கினேன். மேலே சொன்ன டிஃபெண்ட்நாட், பழைய டிரைவரைத் தூக்கிக்கொண்டு வருவது, விலக்குப் பட்டியலில் சி டிரைவைச் சேர்ப்பது, மூன்றுக்கும் அட்மின் உரிமை வேண்டும். அது இல்லையென்றால் வைரஸ் அதற்கே இன்னொரு ஓட்டையைத் தேட வேண்டும். ஆன்டிவைரஸின் தற்காப்புக்கு நான் பார்த்ததிலேயே உருப்படியான ஏற்பாடு இது, எந்த பிராண்டு போட்டிருந்தாலும்.

சந்தாவிலேயே தொடர வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இருந்தால், அதன் கடைசி விலை ரகத்தை வாங்குங்கள், பளபளப்பான டோட்டல் ரகம் வேண்டாம். எக்ஸ்டென்ஷன், பாஸ்வேர்ட் மேனேஜர், ட்யூன்அப் எதையும் நிறுவாதீர்கள், பூட்டிய இணையத் தொடர்பை (ஹெச்டிடிபிஎஸ்) நடுவில் பிரித்துச் சோதிக்கும் வசதியை அணையுங்கள், செட்டிங்ஸுக்குக் கடவுச்சொல் போடுங்கள். வாங்கும் முன் அந்த நிறுவனத்தின் தளத்தில் தங்கள் சொந்த மென்பொருளின் ஓட்டைகளைப் பற்றிய அறிவிப்புப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பயப்படாதீர்கள், இல்லையென்றால்தான் பயப்பட வேண்டும்.

மிச்சமான சந்தாப் பணத்தில் சார் இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுத்தார். ஒன்று எப்போதும் கழற்றிய நிலையில் பீரோவில் இருக்கும், வெள்ளிக்கிழமை இடம் மாறும்.

13 கணினிகள் முடிந்தன. மீதி ஒன்றில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான மென்பொருள் அட்மின் இல்லாமல் ஓட மாட்டேன் என்று அடம்பிடித்தது, இரண்டு நாள் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டேன். கடைசியில் அந்தக் கணினியைக் கையெழுத்துப் போட மட்டும் என்று ஒதுக்கிவிட்டோம்: மெயில் கிடையாது, பென் டிரைவ் கிடையாது, அரசுத் தளங்களைத் தவிர வேறு எந்தத் தளமும் திறக்காது. அதில் வழக்கமாக உட்காரும் அண்ணனுக்கு கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க வழியில்லாமல் போனதில் என்மேல் கோபம், போன வாரம் போனபோது டீ சொல்லவில்லை.